வாடகை வீட்டு மராமத்து: ஒரு பழைய வினாவும் அதன் விடைகளும்

கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் அறையில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி விழித்திருக்கும் தாய்க்கும், மழை நாட்களில் குளியலறைச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதென்று அறிந்தும் அந்த வாடகைக்கு வேறு வீடு அகப்படாத குடும்பத்துக்கும், சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதே முதற்கவலையாக இருக்கிறது. இந்தக் கவலை எங்கிருந்து பிறக்கிறது, அதைப் போக்குவதற்கு இதுவரை சொல்லப்பட்ட பரிகாரங்கள் எவை, அவை எந்த அளவில் பலித்தன என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா இரண்டு பகுதிகளை உடையது. வாடகை வீட்டில் உயிருக்கோ உடல்நலத்துக்கோ தீங்கு விளைக்கும் பழுதை நீக்கும் கடமை யாருடையது என்பது முதற்பகுதி; கடமைப்பட்டவர் வாளாவிருந்தால் அவரைச் செய்விப்பது எவ்வாறு என்பது இரண்டாவது. சுண்ணாம்பு மங்குவதும் ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாததும் அசௌகரியங்கள். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தளம், மாடிப்படி, மின்கம்பி, கழிவுநீர், ஓதம் ஆகியவற்றால் வரும் அபாயமே இங்கு விஷயம். முதற்பகுதிக்குச் சொல்லப்பட்ட விடைகள் காலப்போக்கில் ஓரளவு ஒருமுகப்பட்டுவிட்டன என்றும், இரண்டாவதற்குச் சொல்லப்பட்டவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தளர்ந்துபோயின என்றும் கருத இடமிருக்கிறது. அந்த இடம் எது என்பதைத் தேடியே கீழ்வரும் பகுதிகள் செல்கின்றன.

நிலக் குத்தகையின் நிழல்

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் வீட்டு வாடகையை நிலக் குத்தகையின் ஒரு கிளையாகவே கண்டது. குத்தகைக்கு எடுக்கும் உழவனுக்கு வேண்டியது மண். அம்மண்ணின்மேல் நிற்கும் குடிசை ஒழுகினால் கூரை வேயவும் சுவர் பூசவும் அவனுக்கே தெரியும். ஆதலால், பார்த்து எடுத்துக்கொண்டவன் பின்னர்க் குறைகூறலாகாது என்பதும், வீடு எந்நிலையில் இருந்தாலும் வாடகை நிற்கலாகாது என்பதும் நியதிகளாயின.

இந்நியதியில் 1843ஆம் ஆண்டில் ஒரு சிறு விரிசல் கண்டது. பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் சர் தாமஸ் மாரபிள் என்பவர் சில வாரங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூட்டைப்பூச்சியின் உபத்திரவம் தாளாமல் இடையில் வெளியேறியபோது, வீட்டுக்காரர் எஞ்சிய வாடகைக்காக வழக்குத் தொடுத்தார். வாழத் தகாத வீட்டுக்கு வாடகை கேட்க இயலாது என்று நீதிபதி பார்க் தீர்ப்பளித்தார். ஆனால் ஓராண்டு கழிவதற்குள் ஹார்ட் எதிர் விண்ட்சர் என்னும் வழக்கில் அதே நீதிபதி, சாமான்கள் இல்லாத வெற்று வீட்டுக்கு அக்கொள்கை செல்லாது என்று பின்வாங்கினார். சாமான்களோடு வீடு எடுப்போர் பெரும்பாலும் வசதியுள்ளோர். தொழிலாளர் குடும்பங்கள் அடைந்து கிடந்தவை வெற்று அறைகள். ஆகவே பாதுகாப்பு யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அஃது எட்டாமற் போயிற்று. 1906ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை ஒருபடி மேலும் சென்றது. சமையலறைத் தரையைச் செப்பனிடுவதாக வீட்டுக்காரர் வாக்களித்திருந்தும், வாக்குப் பெற்றவர் கணவரே ஆதலால், அத்தரையால் காயமுற்ற மனைவி அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாதென்று காவலியர் எதிர் போப் வழக்கில் முடிவாயிற்று. வீட்டில் நாள் முழுவதும் இருப்பவள் ஒப்பந்தத்தில் இல்லாதவளாகக் கருதப்பட்ட அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது, சட்டத்தின் தர்க்கம் எவ்வளவு சீராக இருந்தாலும், மனம் அதை ஏற்க மறுக்கிறது.

இந்தச் சிந்தனையின் சாயல் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இப்பிரிவு குடியிருப்போருக்குக் கருணை காட்டுவதாகவே தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத முக்கியக் குறைகளை உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும். தாம் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை அறிவிப்புக் கிடைத்த பின்னும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிடில், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ‘கடமைப்பட்ட மராமத்து’ என்ற சொற்றொடரில்தான் முடிச்சு இருக்கிறது. மராமத்துச் செய்யும் பொதுக்கடமை எதையும் அந்தப் பிரிவு உரிமையாளர்மேல் சுமத்தவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கடமை உண்டு, எழுதாவிட்டால் இல்லை. ஒப்பந்தத்தை எழுதுபவரோ பெரும்பாலும் வீட்டுக்காரர். ஆகவே பரிகாரம் தெளிவாகவும், பரிகாரத்துக்கு ஆதாரமான கடமை மங்கலாகவும் நின்றன.

சுகாதார அதிகாரியின் வருகை

ஒப்பந்தச் சட்டம் கைவிட்ட இடத்தில் சுகாதாரச் சட்டம் புகுந்தது. காலராவும் காய்ச்சலும் ஏழையின் அறையோடு நில்லாமல் செல்வரின் தெருவுக்கும் வரும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம் என்று சொல்வது தவறாகாது. இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டின் டாரன்ஸ் சட்டமும், நியூயார்க்கில் 1867, 1901 ஆகிய ஆண்டுகளின் குடியிருப்புச் சட்டங்களும், சென்னையில் 1919ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டமும் இந்த மரபைச் சேர்ந்தவை. இடிந்து விழக்கூடிய கட்டடத்தைப் பாதுகாக்கவோ செப்பனிடவோ இடிக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சென்னைக் கமிஷனருக்கு அக்காலத்திலேயே இருந்தது.

இம்முறையின் சிறப்பு, அபாயத்தை இரு தனிமனிதரின் வழக்காகக் கருதாமல் ஊரின் பொதுக் காரியமாகக் கருதியது. குறை, அதன் கையிலிருந்த கருவி மிகக் கூரியதாகவோ மிக மழுங்கியதாகவோ இருந்தமை. சிறு அபராதம் விதித்தால் அதைச் செலுத்திவிட்டு வாளாவிருப்பது மராமத்துச் செய்வதைவிட மலிவாக முடியும். கட்டடத்தைக் காலி செய்ய உத்தரவிட்டால் தண்டனை வீட்டுக்காரருக்கா குடியிருந்தவருக்கா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும்.

சட்டம் தன் சொந்த எண்களாலேயே செத்துப்போகும் என்பதற்கும் இங்கிலாந்து ஓர் உதாரணம் தருகிறது. குறைந்த வாடகை வீடுகள் மனித வாசத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையை 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வாடகையிலும் தானாகவே உள்ளடங்கியதாக்கிற்று. பழைய நியதிக்கு இது நேர் மாறானது. ஆனால் எந்த வாடகை குறைந்த வாடகை என்பதற்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. 1957ஆம் ஆண்டில் அவ்வரம்பு லண்டனில் ஆண்டுக்கு 80 பவுன், பிற இடங்களில் 52 பவுன் என்று வைக்கப்பட்டு, பிறகு உயர்த்தப்படவே இல்லை. விலைவாசி ஏற ஏற, அவ்வளவு சொற்ப வாடகையில் வீடே இல்லாமற்போய், உயிருள்ள சட்டம் ஏட்டில் மட்டும் நின்றது. 2018ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்து வரம்பை நீக்கும்வரையில் இந்நிலை நீடித்தது.

வாடகையே ஆயுதமாதல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்ன விடையே இவ்வரலாற்றில் மிகவும் துணிவானது. சற்று விரிவாகக் காணத் தக்கது. வாஷிங்டன் நகரில் மாத வாடகைக்கு இருந்த ஒரு பெண்மணி தம் வீட்டின் சீர்கேட்டை அதிகாரிகளிடம் முறையிட்டார். சோதனையில் 40க்கு மேற்பட்ட சுகாதார விதிமீறல்கள் தென்பட்டன. அவற்றைச் சரிசெய்ய உத்தரவு பெற்ற வீட்டுக்காரர், காலி செய்யுமாறு அவருக்கு 30 நாள் அறிவிப்புக் கொடுத்தார். காரணம் எதுவும் கூறாமல் காலி செய்விக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. இருப்பினும், முறையிட்டதற்குப் பழிவாங்கும் பொருட்டு அவ்வுரிமையைப் பயன்படுத்தலாகாது என்று 1968ஆம் ஆண்டில் எட்வர்ட்ஸ் எதிர் ஹபீப் வழக்கில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பு எழுதினார். முறையிட்டவரை வெளியேற்ற இடங்கொடுத்தால் முறையீட்டையே நம்பியிருக்கும் சுகாதாரச் சட்டம் முழுவதும் பயனற்றதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாண்டு கழித்து அதே நீதிபதி ஜேவின்ஸ் வழக்கில் அடுத்த படியை வைத்தார். கிளிஃப்டன் டெரஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகை செலுத்தாதவர்களை வெளியேற்ற உரிமையாளர் வழக்கிட்டபோது, ஏறத்தாழ 1,500 விதிமீறல்களை நிரூபிக்கக் குடியிருப்போர் முன்வந்தனர். நகரத்தில் வாடகைக்கு இருப்பவர் நிலத்தை நாடி வரவில்லை. உறுதியான கூரை, வெளிச்சம், வெப்பம், நீர், வேலை செய்யும் குழாய்கள் ஆகியவை சேர்ந்த வாசத்தையே விலைக்கு வாங்குகிறார். ஆதலால் வாடகை கொடுக்கும் கடமையும் வீட்டை வாழத்தக்கதாக வைத்திருக்கும் கடமையும் ஒன்றையொன்று சார்ந்தவை, ஒன்று தவறினால் மற்றது குறையும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. அதே 1970இல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுக்காரரைத் தேடியும் காணாமல் ஒழுகும் கழிப்பறையைத் தாமே சீர்செய்துகொண்டு, அதற்கான 85 டாலர் 72 செண்டை வாடகையில் கழித்தவரின் செயலை ஏற்றுக்கொண்டது. உழவனின் நிழல் நகரத்து வாடகையை விட்டு நீங்கியது இவ்விரு தீர்ப்புகளாலும்தான் என்று துணிந்து கூறலாம்.

இதற்கு எழுந்த எதிர்ப்பும் அலட்சியம் செய்யத் தக்கதன்று. மராமத்துச் செலவை உரிமையாளர் வாடகையில் ஏற்றுவார், ஏற்ற முடியாத இடத்தில் கட்டடத்தைக் கைவிடுவார், இரு வழியிலும் ஏழைக்கே இழப்பு என்று சார்ல்ஸ் மையர்ஸ் முதலியோர் 1970களில் வாதிட்டனர். அவர்களுக்கு முன்னரே 1971இல் புரூஸ் ஆக்கர்மன், ஒரு பகுதி முழுவதிலும் ஒரே சமயத்தில் விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாடகை உயர வேண்டிய அவசியமில்லை என்று காட்ட முயன்றிருந்தார். இருதரப்பும் கருதுகோள்களின்மேல் நின்றே பெரிதும் பேசின. அனுபவம் முடிவான சாட்சி சொன்னதாகக் கொள்ள முடியவில்லை.

அனுபவம் தெளிவாகச் சொன்னது வேறொன்று. நியூயார்க் நகரத்து வாடகைப் பாக்கி வழக்குகளை ஆராய்ந்து நிக்கோல் சம்மர்ஸ் என்னும் சட்ட அறிஞர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நியாயமான முறையீடு உடையவர்களில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்களே வாடகைக் குறைப்பைப் பெற்றனர். உரிமை ஏட்டில் இருந்தது. வழக்கறிஞர் இல்லாமல் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய குடியிருப்பாளருக்கு அந்த ஏடு எட்டவில்லை. ஜேவின்ஸ் தீர்ப்பை எவ்வளவு போற்றினாலும் இந்த எண்ணை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

உறைந்த வாடகையும் உதிரும் கூரையும்

அமெரிக்கர் வாடகையை ஆயுதமாக்கினர். பம்பாயில் வாடகை உறைந்து கிடந்தது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியின் அளவில் நிறுத்திவைத்தது. யுத்த காலத்துக் கொள்ளை வாடகையிலிருந்து மக்களைக் காக்க எழுந்த நல்ல எண்ணமே அது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே வாடகை வாங்கியவருக்கு ஒரு தூணை மாற்றும் செலவே பல ஆண்டு வருமானமாயிற்று. 1997இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு உறைய வைத்தல் நியாயமற்றது என்று கண்டது. இதற்கிடையே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பழைய கட்டடங்களிலிருந்து தனித்தீர்வை வசூலித்து அரசே மராமத்துச் செய்யும் வாரியம் ஒன்று பம்பாயில் அமைக்கப்பட்டது. இவ்வகையில் கணக்கிடப்பட்ட கட்டடங்கள் 19,642. வீட்டுக்காரர் செய்யாவிடில் அரசு செய்யும் என்ற இந்த ஏற்பாடு, உலகில் அரிதான ஒரு துணிவு என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி பெண்டி பஜாரில் ஹுசைனி என்னும் நூறாண்டு கடந்த கட்டடம் இடிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாயமானது என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த கட்டடம் அது. அறிவிப்பு இருந்தும் மக்கள் உள்ளே இருந்ததற்கு அறியாமையைக் காரணமாகக் கூறுவது எளிது, சரியன்று. வெளியேறினால் திரும்பி வர முடியுமா, இடைக்காலக் குடியிருப்பு எத்தனை ஆண்டுக்கு, சுவாதீனத்தை இழந்தபின் உரிமையை நிரூபிப்பது எங்ஙனம் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாதவர்கள், தெரிந்த அபாயத்தைத் தெரியாத அபாயத்தைவிட மேலாகக் கருதுவது மனித இயல்பு.

சென்னையின் அனுபவம் இதிலிருந்து சற்று வேறுபட்டது. 1960ஆம் ஆண்டின் சென்னைக் கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறைய வைக்காமல், நியாய வாடகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கன்ட்ரோலருக்குக் கொடுத்தது. வீட்டுக்காரர் மராமத்துச் செய்யாவிடில், கன்ட்ரோலரின் அனுமதி பெற்றுக் குடியிருப்பவரே செய்து செலவைக் கழித்துக்கொள்ள 22ஆம் பிரிவு வழி வைத்தது. ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, காலி செய்தாலன்றிச் செய்ய முடியாத மராமத்துக்காகவும், இடித்துக் கட்டுவதற்காகவும், உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்றது. இடித்துக் கட்டும் மனுக்களில் உரிமையாளரின் நாணயமான எண்ணத்தோடு கட்டடத்தின் வயதும் நிலையும் கவனிக்கத் தக்கவை என்று 1996இல் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. இவ்விரு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குடியிருப்பவரின் சங்கடம் புலனாகும். தளம் சிதிலமாகிவிட்டது, உயிருக்கு ஆபத்து என்று அவர் எழுதும் கடிதமே, கட்டடம் இடிக்கத்தக்க நிலையில் உள்ளது என்பதற்குச் சாட்சிக் கடிதமாகலாம். ஆகவே பல வீடுகளில் மௌனம் நிலவியதற்குச் சோம்பல் காரணமன்று.

எதை அபாயமென்பது?

கடமையைப் பற்றிய வழக்கு முடிந்த இடங்களிலும், பழுது என்றால் என்ன என்ற வழக்கு தொடர்ந்தது. இரும்புச் சட்டமிட்ட ஜன்னல்களால் நீர் வேர்த்து வீடு முழுவதும் ஈரம் படிந்து துணிமணிகள் அழுகிய ஒரு குடியிருப்பைப் பற்றி 1985இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம், சுவரோ ஜன்னலோ சிதையாத வரையில் அது ‘பழுது’ அன்று, ஆகவே செப்பனிடும் கடமை எழாது என்றது. கட்டடத்துக்கு நோயில்லை, உள்ளே இருப்பவருக்கே நோய் என்பது அத்தீர்ப்பின் விளைவு. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, சுவரில் படர்ந்த பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததன் விளைவாக இறந்ததென்று பின்னர் விசாரணையில் முடிவானது. பெற்றோர் முறையிடாமல் இருக்கவில்லை. ஈரத்துக்குக் குடியிருப்போரின் வாழ்க்கைமுறையே காரணமென்று கூறித் தட்டிக்கழிக்கும் பழக்கத்தை அந்நாட்டு வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கை வன்மையாகக் கண்டித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் விதிகள் 2025 அக்டோபர் முதல் அங்குள்ள சமூக வீடுகளில் அமலுக்கு வந்துள்ளன. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும், பிற பெரிய அபாயங்களை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ‘நியாயமான காலம்’ என்று எல்லாச் சட்டங்களும் நெடுங்காலமாகப் பேசிவந்த நெகிழ்ச்சியான சொல்லுக்கு மணிக்கணக்கில் பொருள் கிடைத்தது ஒரு குழந்தையின் உயிருக்குப் பின்னரே என்பது நினைக்கத் துயரமானது.

நம் கடற்கரை நகரங்களில் ஓதத்தின் கதை வேறு. உப்புக் காற்றால் கான்கிரீட்டினுள் உள்ள கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கீழே விழும் காரை அந்நோயின் வெளிக்குறி மாத்திரம். அதன்மேல் சிமென்டைப் பூசி வெள்ளையடித்தால் குறி மறையும், நோய் வளரும்.

தமிழ்நாட்டின் இன்றைய சட்டம்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. வினாவின் முதற்பகுதிக்கு இஃது ஐயமற விடை கூறுகிறது. இதன் அட்டவணை, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த மராமத்து, வெள்ளையடித்தல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகளைச் சீர்செய்தல் ஆகியவற்றை உரிமையாளருக்கும், குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றை வாடகைதாரருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 1882ஆம் ஆண்டிலிருந்து மங்கலாக நின்ற கடமை இங்கே எழுத்தில் வந்துவிட்டது. இது பெரிய முன்னேற்றமே.

எனினும் அபாயம் அட்டவணையின் கோடுகளை மதித்து வருவதில்லை. சுவிட்ச் வாடகைதாரருடையது, கம்பி உரிமையாளருடையது என்றால், எர்த் இல்லாமையால் சுவிட்சில் ஷாக் அடிக்கும்போது அது யாருடைய பழுது? அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசியும் நீர் கீழ்வீட்டுக் கூரையை அரித்தால், கீழ்வீட்டு உரிமையாளர் மனமுவந்தாலும் மேல்வீட்டுக்காரரும் சங்கமும் இசைந்தாலன்றி எதுவும் நடவாது. அச்சங்கத்தில் வாடகைதாரருக்கு வாக்கும் இல்லை.

செலவைக் கழித்துக்கொள்ளும் வழி இச்சட்டத்திலும் இருக்கிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் இவ்வழிக்கு ஒரு வரம்பு விதிக்கிறது. ஒரு மாதத்தில் அம்மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கலாகாது. மாத வாடகை 12,000 ரூபாய் என்றும், தளத்தைச் செப்பனிட 2,40,000 ரூபாய் ஆகிறதென்றும் வைத்துக்கொண்டால், மாதம் 6,000 வீதம் கழித்து முடிக்க 40 மாதம் செல்லும். நம் ஊர்களில் வழங்கும் ஒப்பந்தமோ பதினோரு மாதத்துக்கு. அதிலும் முதற்பணம் முழுவதையும் போடுகிறவர் வாடகைதாரர். ஆகவே இவ்வழி உடைந்த குழாய்க்குப் பயன்படும்; உதிரும் கூரைக்குப் பயன்படுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முன்பணத்தின் வழக்கத்தையும் இங்கே கருத வேண்டும். சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் கூறியிருப்பினும், பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் சென்னையில் நெடுநாள் வேரூன்றியது. அத்தொகை வீட்டுக்காரர் கையில் இருக்கும்வரையில் வாடகைதாரர் குரலை உயர்த்தத் தயங்குவார். காலி செய்யத் தீர்மானித்தபின் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்திவிடும் வழக்கமும் அதனாலேயே தோன்றியது. அமெரிக்க நீதிமன்றங்கள் வீட்டில் இருந்துகொண்டே பயன்படுத்தக் கொடுத்த ஆயுதத்தை, நம்மவர் வீட்டை விட்டுப் போகும்போது மட்டுமே கையில் எடுக்கிறார்கள். போகிறவருக்குக் கூரை தேவையில்லை. ஆகவே கூரை அப்படியே அடுத்தவருக்குப் போய்ச் சேருகிறது.

இவை எல்லாவற்றினும் கடினமானது எழுத்து ஒப்பந்தத்தைப் பற்றிய ஷரத்து. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் செய்யப்பட்டு வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். அவ்வாறு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு உரிய காரணங்களுள் முதலாவதாகவும் வைத்திருக்கிறது. வாய்மொழியாகக் குடியேறி, சுவரில் விரிசல் கண்டு அதிகாரியை நாடும் ஒருவர், தம் முறையீட்டால் தம்மை வெளியேற்றுவதற்கான கதவையும் திறந்துவிடக்கூடும். எட்வர்ட்ஸ் வழக்கு தடுத்ததைப் போன்ற பழிவாங்கும் வெளியேற்றத்தைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு வெளிப்படையாகத் தென்படவில்லை. இதைச் சட்டத்தின் மிகப் பெரிய இடைவெளியாகக் கருதுவதே பொருத்தம்.

அரசே வீடு கொடுப்பவராக உள்ள இடங்கள் இச்சட்டத்துக்குப் புறம்பானவை. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களைக் காத்தது அவர்களுடைய கண்களே.

முறையீட்டை எதிர்பாராத சோதனை

மேற்கூறிய விடைகள் அனைத்தும், ஒப்பந்தம், அதிகாரி, நீதிமன்றம், கழிவு என்று வழியில் வேறுபட்டாலும், குடியிருப்பவர் வாய் திறப்பதிலிருந்தே தொடங்குகின்றன. வாய் திறப்பதன் விலையைக் குறைக்காமல் உரிமைகளை மட்டும் பெருக்கியதே அவற்றின் பொதுவான தளர்ச்சி என்று தோன்றுகிறது. இதைக் கண்டுகொண்டவர்கள் வேறொரு வழியை முன்வைக்கின்றனர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் 2005இல் இயற்றி 2006 முதல் அமல்படுத்திய விதியின்படி, வாடகை வீடுகள் யாரும் முறையிடாமலே காலமுறைப்படி ஈயப் பெயின்டின் ஆபத்துக்காகச் சோதிக்கப்படுகின்றன. அதன்பின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கணிசமாகக் குறைந்தது; பிற இடங்களிலும் குறைந்துவந்த காலமாதலால் முழுப் பெருமையையும் சோதனைக்கே அளித்துவிட முடியாது. ஆனால் யார் முறையிட்டார் என்று தேடிப் பழிவாங்க அங்கே ஆளில்லை என்பது மறுக்க முடியாத நன்மை.

இம்முறை நம் நகரங்களுக்குப் பொருந்துமா என்பது எளிதில் சொல்லக்கூடியதன்று. சோதிக்க வேண்டிய வீடுகள் மிகப் பல. சோதிக்கும் அதிகாரியின் நேர்மையை யார் சோதிப்பது என்ற கேள்வியும் உடன் வரும். நம் ஊர்களில் வீட்டுக்காரர் என்றாலே செல்வர் என்று பொருளாகிவிடாது. மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு அதனாலேயே ஜீவனம் நடத்தும் முதியவரிடம் லட்சங்களைச் செலவிடச் சொல்லும் உத்தரவு, பம்பாயின் பாடத்தை வேறு உருவில் திரும்ப நடத்திவிடலாம். பம்பாய் வாரியத்தைப் போன்ற பொதுநிதியா, குறைந்த வட்டிக் கடனா, இச்செலவை எது தாங்குவது என்பது இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் அன்றே வீட்டின் தளம், படி, மின்கம்பி ஆகியவற்றின் நிலையையும் எழுதி இருவரும் ஒப்பமிடும் சிறு ஏற்பாடு, பின்னால் எழும் வழக்குகளில் பாதியைத் தவிர்க்கும் என்று நம்ப இடமுண்டு. செய்து பார்த்தாலன்றி உறுதி கூற இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது திரும்பி வரும் உரிமையைப் பற்றிய கேள்வி. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில், மராமத்துக்காக வீட்டைத் திரும்பக் கேட்ட உரிமையாளர், வேலை முடிந்ததும் அதே வாடகைதாரருக்கே வீட்டை அளிப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமோ, இருவரும் இசைந்து புதிய ஒப்பந்தம் செய்தாலன்றித் திரும்பி வர இடமில்லை என்கிறது. உரிமையாளரின் சுதந்திரத்தைப் பெரிதாகக் கருதுவோருக்கு இது நியாயமாகத் தோன்றலாம். கூரையைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டு, அதற்காகவே மூட்டை கட்டி வெளியேறிய குடும்பத்துக்கு, சரிசெய்த கூரையின்கீழ் வாழ எந்த உறுதியும் இதில் இல்லை. பழைய உறுதிமொழியைப் புதிய சட்டத்தோடு இணைப்பது எவ்வாறு, எத்தனை மாதத்துக்கு, எந்த வாடகையில் என்பது இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.